சார்ந்ததன் வண்ணமாதலும் இளைஞரின் இணையப் பற்றும்

சைவநன்மக்கள் பலர் இக்காலத்திலே தம் பிள்ளைகளைக் குறித்துச் சொல்லும் முறைப்பாடுகளுள் முதலாவது கைத்தொலைபேசியைப் பற்றியதே. "எந்நேரமும் உந்தப் போனோடைதான், மாஸ்ரர், கூப்பிட்டாலும் காது கேளாது" என்று தாய்மார் தொடங்குவதும், "இந்தக் காலத்துப் பிள்ளையளே இப்பிடித்தான்" என்று தந்தைமார் முடிப்பதும் வழக்கமாயின. கேட்போரும் ஒன்றிற் கருவியை வைது, ஒன்றிற் பிள்ளையை வைது, ஒன்றிற் கலிகாலத்தை வைது அமைகின்றனர். வைதலாற் காரணம் விளங்குமாறில்லை. கட்டிளமைப் பருவத்தார் இணையத்தை விடமாட்டாது பற்றுவது எதனால், அப்பற்றுக்கும் அவர்தம் மனவுணர்ச்சிகளுக்கும் இயைபு யாது, அவ்விடத்து வீட்டார் கொள்ளும் மனப்பாங்கு அதனைத் தணிக்கின்றதா வளர்க்கின்றதா என்பவற்றை, நம் சித்தாந்தம் ஆன்மாவைப் பற்றிக் கூறும் ஓருண்மையை முன்னிட்டு ஈண்டு ஆராய்வாம்.

ஆன்மாவின் இலக்கணங்களுள் ஒன்று சார்ந்ததன் வண்ணமாதல். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்திலே ஆன்மாவைச் சதசத்தென நிறுவியதன் கருத்தும் இதுவே. சத்தாகிய சிவத்தைச் சாரின் அதன் வண்ணமாயும், அசத்தாகிய பாசத்தைச் சாரின் அதன் வண்ணமாயும் நிற்பதல்லது, ஒன்றனையுஞ் சாராது தனித்து நிற்கும் இயல்பு அதற்கில்லை. இதற்குப் படிகத்தை உவமை கூறுதல் மரபு. செம்பரத்தம்பூவை அருகே வைத்தாற் படிகஞ் சிவந்து தோன்றும். பூவை எடுத்தவிடத்து அச்செம்மை படிகத்தில் எஞ்சாது. இவ்வுவமையினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. சிவப்புப் படிகத்தின் குற்றமன்று. ஆதலாற் பிள்ளை கெட்டொழிந்ததென்று கைவிடுதற்கு இடமில்லை. மற்றையது, பெற்றோர் பெரும்பாலும் மறப்பது: பூவை எடுத்தபின் படிகம், அடுத்துக் கிடப்பது எதுவோ அதன் நிறத்தைக் கொள்ளும். போனைப் பறித்த வீட்டிலே அடுத்துக் கிடப்பது பல சமயங்களிலே தந்தையின் கோபமும், தாயின் அழுகையும், அடைத்த கதவுமேயாம். ஒரு பற்றுக்கோட்டைப் பறிப்போர், அதற்கு ஈடாக வேறு பற்றுக்கோடு யாது கொடுத்தோமென்று தம்மைத் தாம் கேட்பதில்லை. இக்கட்டுரை வற்புறுத்தப் புகுந்தது இவ்வொன்றனையே.

இனி, நோயென்று எதனைச் சொல்லுதல் தகுமென்பது வரையறுக்கப்படல் வேண்டும். அரைமணி நேரம் யூரியூப் பார்த்த பிள்ளையையும் "அடிமையாய்ப் போச்சு" என்று அயலார் கேட்கச் சொல்லும் பெற்றோர் நம்மிடையே உளர். 1995 ஆம் ஆண்டிலே, நியூயோர்க் நகரத்து மனநோய் வைத்தியராகிய ஐவன் கோல்ட்பேர்க் என்பவர், தம் துறையார் நோய்ப்பட்டியல் வகுக்கும் முறையைப் பரிகசிக்கும் பொருட்டு, "இணைய அடிமைக் கோளாறு" என்றொன்றை வேடிக்கையாகக் கற்பித்தெழுதினர். வாசித்தோருட் சிலர் நகைத்திலர். தமக்கு அந்நோய் உண்டென்றே கூறினர். பின்னர்க் கிம்பர்லி யங் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1998 இல் 20 வினாக்கள் கொண்ட சோதனையொன்றை வகுத்தனர். ஆராய்ச்சியாளர் அதனை இன்றும் பல நாடுகளிற் கையாளுகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தார் 2019 இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி 1 ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பகுப்பிலே, மின்விளையாட்டுக் கோளாறு என்பது இடம்பெற்றுள்ளது. இணையத்தைப் பயன்படுத்தல் முழுவதும் அங்கே நோயாகச் சொல்லப்படவில்லையென்பதை ஊன்றி நோக்குக. விளையாட்டைத் தொடங்குதலையும் நிறுத்துதலையும் தன் வசத்தில் வைத்திருக்க மாட்டாமை, உணவு உறக்கம் கல்வி நட்பு முதலியவற்றையெல்லாம் பின்றள்ளி அதனையே முன்வைத்தல், தீங்கு விளைதல் கண்டும் விடாது தொடர்தல் என்னும் இவை கூடி, பெரும்பாலும் 12 மாதமளவு நீடித்து, வாழ்க்கையைக் குலைத்தவிடத்தே வைத்தியர் அப்பெயரை இடுவர். மணிக்கணக்கு மாத்திரம் அளவுகோலாகாது. மூன்று மணிநேரம் கணிதபாடங் கேட்டு எழுந்து உண்ணச் செல்லும் பிள்ளையும், ஒரு மணிநேரத்தின் பின் வைக்கச் சொன்னவுடன் உடல் நடுங்கும் பிள்ளையும் ஒரு தரத்தினரல்லர்.

அங்ஙனமாயிற் கருவியிடத்துக் குற்றம் யாதுமில்லையோ எனின், உண்டு, அதனை மறைத்தலாகாது. ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளநூலார், பெஸ்ரர் என்பவரோடு கூடி 1957 இல் வெளியிட்ட நூலிலே, புறாக்களை வைத்துச் செய்த பரீட்சைகளை விவரித்துள்ளார். கூட்டினுள்ளிருக்கும் தட்டைக் கொத்துந்தோறும் தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் நின்றபின் விரைவிலே கொத்துதலை ஓயும். எப்போது விழுமென்று அறியமுடியாதவாறு சிலமுறை கொடுத்தும் பலமுறை கொடாதும் பழக்கப்பட்ட புறாவோ, தானியம் நின்றபின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருக்கும். சூதாட்ட யந்திரம் இம்முறையாலேயே மனிதனைப் பிடித்து வைக்கின்றது. விரலாற் கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டு, புதிய படம் வருமோ, நண்பன் விருப்பக்குறி இட்டிருப்பானோ என்று காத்திருக்கும் பிள்ளையின் நிலையும் இதுவே. முகநூலில் விருப்பக்குறி 2009 இற் புகுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 2006 இல், ஏசா ராஸ்கின் என்பவர் எத்துணை தள்ளினும் முடியாது கீழே விரிந்துகொண்டே போகும் பக்கத்தை அமைத்தனர். பின்னாளிலே அதன்பொருட்டு வருந்தியும் பேசினர். ஏட்டுக்கு இறுதிப் பக்கம் உண்டு. நம் கோயில்களிலே நிகழும் புராணபடனத்துக்கும், பயன்சொல்பவர் நூலை மடித்து வணங்கி எழும் நேரம் உண்டு. இப்பக்கத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. எல்லையின்மை அதன் உடையாருக்கு வருவாய். பிள்ளையின் கண் அங்கே தங்கும் ஒவ்வொரு நிமிஷமும் விளம்பரகாரருக்கு விற்கப்படுகின்றது. இச்சையை எழுப்பும் மூளையின் பகுதிகள் இப்பருவத்திலே மிக்க வேகங்கொண்டிருப்ப, அடக்கியாளும் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரையும் முதிர்ந்துகொண்டேயிருக்கின்றது. பலர் நம்பியிருக்கும் 13 வயதெல்லையும் பிள்ளையின் மனவளர்ச்சியை ஆராய்ந்து வைத்ததன்று. சிறுவரைப் பற்றிய விவரங்களைத் திரட்டுதல் குறித்து அமெரிக்காவில் 1998 இல் ஆக்கப்பட்ட சட்டத்தினின்று வந்ததேயாம்.

ஆயினும், ஒரே வகுப்பிலே ஒரே விதமான போனை வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே விதமாகக் கட்டுண்பதில்லை. கருவி ஒன்றாயிருக்கக் கட்டு வேறுபடுதலால், வேறுபாட்டின் காரணம் பிள்ளையின் மனத்திலும் அது வாழும் வீட்டிலுமே தேடப்படல் வேண்டும்.

தரம் 10 மாணவரை நோக்கி, "போனைக் கையிலெடுப்பதற்குச் சற்று முன்னர் உமது மனம் எப்படியிருந்ததென்று ஒரு துண்டிலே எழுதுக, பெயர் எழுதவேண்டா" என்று ஒருமுறை யாம் பணித்தோம். வந்த துண்டுகளிற் பல "சும்மா" என்றிருந்தன. அவற்றை நீக்க எஞ்சியவை "அலுப்பு", "விசர்", "தனிய", "பயம்", "சோதினை" என்பனபோல்வன. "ஒருத்தரும் இல்லை" என்றிருந்தது ஒரு துண்டு. மகிழ்ச்சியைக் குறித்த சொல் ஒன்றேனும் இருந்திலது. போனெடுக்கும் பிள்ளையைக் களிப்பிலே மிதப்பதாக எண்ணிச் சினக்கும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக. பல நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டதும் இதனோடு ஒக்கும். தனிமை, மனச்சோர்வு, பதற்றம், கூச்சம் என்பன மிக்க இளைஞரிடத்தே இப்பற்றும் மிக்குக் காணப்படுகின்றது. எது காரணம் எது காரியமெனின், இரண்டும் ஒன்றையொன்று பிறப்பிக்கும் வித்தும் மரமும் போல்வன. சோர்வு போனை நாடச் செய்கின்றது. போனாற் கெட்ட உறக்கம் மறுநாட் சோர்வை இரட்டிக்கின்றது.

தம் மனத்தில் எழுவது இன்ன உணர்ச்சியென்று பிரித்துச் சொல்லமாட்டாத பிள்ளைகள் இப்பற்றில் எளிதில் அகப்படுகின்றனர் என்பதும் ஆராய்ச்சியாளர் பலர் கண்டதொன்று. இது தமிழ் கற்பிப்போர் கவனிக்கற்பாலது. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றாக இளிவரலை வைத்தனர். தன் வருத்தத்தாலும் எளிமையாலும் ஒருவன் தன்னைத் தாழ்வாகக் கண்டு உள்ளங் குன்றுதல் அதுவாம். விடை தெரியாமல் வகுப்பிலே நகைக்கப்பட்ட பிள்ளைக்கும், அயல்வீட்டுப் பிள்ளையின் புதிய சப்பாத்தைக் கண்ட பிள்ளைக்கும், பெரியப்பா மகளின் பரீட்சைப் பெறுபேற்றோடு உறவினர் முன்னிலையில் ஒப்பிடப்பட்ட பிள்ளைக்கும் உண்டாவது இளிவரல். அச்சொல்லை அறியாமையினாலே மூவரும் "விசராக் கிடக்கு" என்கின்றனர். கேட்ட தாய் அதனை வெகுளியென்று பிறழவுணர்ந்து, "ஆரோடை உனக்கு விசர்?" என்று தானும் வெகுளுகின்றாள். பெயரறியாத நோவை ஆற்றுமாறில்லை, மறக்கலாம். மறப்பிக்குங் கருவி கைக்கெட்டுந் தூரத்திலே ஒளிவிட்டுக் கிடக்கின்றது.

வகுப்பிலே கடைசி வாங்கில் இருந்து, கேட்டதற்கன்றி வாய்திறவாத மாணவன் ஒருவன், பிரீ ஃபயர் என்னும் விளையாட்டிலே இரவு இரண்டு மணி வரையும் விழித்திருப்பவன். தந்தை வெளிநாட்டில், தாய் காலையிற் சென்று மாலையில் மீள்பவர். அவனை வைதோர் பலர், "அங்கே உனக்கு என்ன கிடைக்கிறது?" என்று யாம் வினாவினோம். சற்றுநேரம் நிலத்தைப் பார்த்து நின்று, "நான் வராட்டி அங்கை என்னைத் தேடுவினம், சேர்" என்றான். நால்வர் ஒரு குழுவாய் நின்று ஆடும் அவ்விளையாட்டிலே ஒருவன் குறைந்தாற் குழு தளரும். ஆதலால் ஏனையோர் அவனை அழைக்கின்றனர், காத்திருக்கின்றனர், வென்றாற் புகழ்கின்றனர். அவன் வராத நாளிலே தேடியவர் வீட்டிலும் இல்லை, ஊரிலும் இல்லை. பாடசாலையிலே வரவுப்பதிவேடு ஒன்றே அவனைத் தேடிற்று. இவ்விடையைக் கேட்ட பின்னர், விளையாட்டின் தீமைகளை அவனுக்கு எடுத்துரைத்தல் பயனற்றதென்பது விளங்கும். தீமையை அவன் அறிவான். அறிந்தும் விடாமைக்குக் காரணம், விட்டபின் நிற்பதற்கு வேறிடம் இல்லாமையே.

வீட்டாரின் மனப்பாங்கினை நோக்குவாம். 2020 மார்ச் மாதத்திலே கொரோனா நோயின் பொருட்டு இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் வட்ஸ்அப்பிலும் நிகழ்நிலை வகுப்புகளிலும் நடக்கலாயின. அந்நாளிலே நகையை அடைவு வைத்துப் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்த தாய்மாரை யாம் அறிவோம். "போனை எடு, வகுப்புத் தொடங்கப்போகுது" என்று எழுப்பிய அதே வாய், பாடசாலை திறந்தபின் "போனை வை" என்று ஏசத் தொடங்கிற்று. இடையிலே பிள்ளைக்கு அளவு கற்பித்தவர் ஒருவருமிலர். இப்போதும் சில வித்தியாசாலைகளும் ரியூஷன் நிலையங்களும் மறுநாட் பயிற்சியை இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. அதனை எதிர்பார்த்துப் போனைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை அதனாலேயே தண்டிக்கப்படுகின்றது.

பறித்தலும் உடைத்தலும் ஏசுதலும் பலருக்குக் கைவந்த மருந்து. அதனால் விளையுந் தீங்குகளுள் மிகப் பெரியதைச் சொல்லாது விடுதல் இயலாது. பெண்பிள்ளையொருத்தி முகமறியாத ஒருவனோடு இன்ஸ்ரகிராமிற் பேசி, நம்பி, தன் படத்தை அனுப்பிவிடுகின்றாள். சில நாளின் பின், மேலும் படங்கள் அனுப்பாவிடின் அதனை ஊரெங்கும் பரப்புவேனென்று அவன் வெருட்டுகின்றான். அப்போது அவள் ஓடிச் சேரவேண்டிய இடம் தாயின் மடி. ஆயின் அவ்வீட்டிலே இதுகாறும் நிகழ்ந்தது யாது? பரீட்சையிற் குறைந்தாற் போன் பறிப்பு; தூங்கி எழத் தாமதித்தாற் போன் பறிப்பு; "எங்கடை மானத்தை வாங்காதை" என்னும் வசனம் நாடோறும். சொன்னால் வெருட்டியவனுக்கு முன்னே தான் தண்டிக்கப்படுவாளென்று அவள் அறிவாள். ஆதலாற் சொல்லாள். சொல்லாமையே அவனுக்குப் பலமாகின்றது. பறித்தலை முதன் மருந்தாகக் கொண்ட வீட்டிலே, பிள்ளை தன் ஆபத்தைச் சொல்லும் வாயிலும் அடைபட்டுப் போகின்றதென்பதைப் பெற்றோர் நன்கு உணர்தல் வேண்டும். "என்ன நடந்தாலும் முதலிலை என்னட்டைச் சொல்லு, நான் ஏசமாட்டன்" என்று தாய் முன்னரே சொல்லி, சிறு பிழைகளிலே அச்சொல்லைக் காப்பாற்றியும் காட்டியிருப்பாளாயின், பெரும்பிழை நேர்ந்த நாளிலே பிள்ளை அதனை நம்பும். இத்தகைய வெருட்டல் நேர்ந்தவிடத்துப் படங்களையும் செய்திகளையும் அழியாது வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பணமேனும் வேறு படமேனும் கொடுத்து அவனை அடக்க முயலுதல் கூடாது. கொடுக்குந்தோறும் அவன் கேட்பான்.

இதற்கு மறுதலையான மனப்பாங்கும் உண்டு. "பிள்ளை ரோட்டிலை திரியாமல் வீட்டிலைதானே இருக்குது" என்று ஆறுதல் கொள்வோர் அவர். பிள்ளையின் உடல் வீட்டில் இருக்கின்றது. இச்சையும் அறிவும் செயலும் எங்கே உலாவுகின்றனவென்று அவர் கேட்பதில்லை. குழந்தைக்குச் சோறூட்டும்போது போனைக் காட்டிப் பழக்கியவர்களும் இவர்களே. அழுகை எழுந்தவுடன் போனைக் கொடுத்து வளர்த்த பிள்ளை, பதினைந்து வயதிலே துக்கம் வந்தபோது போனை நாடுவது தான் கற்ற பாடத்தை மறவாமையேயன்றி வேறன்று. தந்தையார் உண்ணும்போதும் ஒரு கையாற் செய்தி பார்த்துக்கொண்டு, மறு கையாற் பிள்ளையின் போனைச் சுட்டி ஏசுதலைப் பற்றி யாம் விரித்தெழுதவேண்டுவதில்லை.

சைவராகிய நம்மவருட் சிலர், "எல்லாம் பிள்ளையின் கன்மம்" என்று கூறி அமைகின்றனர். இது கன்மம் என்னுஞ் சொல்லைச் சோம்பலுக்குப் போர்வையாக்குதலாம். கன்மத்துக்கீடாக இறைவன் ஆன்மாவுக்குத் தநுகரணபுவன போகங்களைக் கொடுக்கின்றானென்பது சித்தாந்தம். பிள்ளை வந்து பிறந்த வீடும், அதன் தாய் தந்தையரும், அவர் பேசும் பேச்சும் அங்ஙனங் கொடுக்கப்பட்டவற்றுள் அடங்கும். அவ்வாறாகத் தம்மை அக்கணக்கினின்று நீக்கிக்கொள்ளல் எங்ஙனம் பொருந்தும்?

வேறு சிலர் இக்கருவியை முற்றாக விலக்கிவிடல் வேண்டுமென்பர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் வெஸ்லியன் மிஷனாரோடு இருந்து, அச்சியந்திரமும் ஒழுங்குபட்ட வகுப்புமுறையும் எவ்வளவு வலியனவென்று கண்டவர். அவை பிறசமயத்தார் கையிலிருந்தன என்று விலக்கிலர். 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். 1849 இலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தனர். கருவியைத் தம் வசமாக்கினரேயன்றித் தாம் அதன் வசமாயினாரல்லர். இணையத்தின் வழியாகவே இன்று நம் பழைய ஏடுகளையும் பதிப்புகளையும் வீட்டிலிருந்து வாசிக்கின்றோம். சட்டத்தால் அடக்குவோமெனின், அரசுகளும் அதனை முயன்று பார்க்கின்றன. தென்கொரியாவிலே 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதற் காலை 6 மணி வரை இணைய விளையாட்டிற் புகாதவாறு 2011 இல் விதித்த தடை, 2022 தொடக்கத்தோடு நீங்கிற்று. அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களிற் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டம் 2024 இல் நிறைவேறி, 2025 டிசெம்பர் 10 ஆம் திகதி முதல் அமுலுக்கு வந்தது. சட்டம் வாயிலைக் காக்கும். "ஒருத்தரும் இல்லை" என்றெழுதிய பிள்ளையோடு இருந்து பேசாது.

ஆகவே வீட்டிலே செய்யத்தக்கன யாவை எனின், முதலாவது உறக்கம். 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு இரவில் 8 முதல் 10 மணிநேர உறக்கம் வேண்டுமென்று உறக்கநூல் வல்லார் கூறுகின்றனர். ஒரு குறித்த நேரத்தின் பின், தந்தையினது உட்பட வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் நடுவறை மேசையொன்றிலே மின்னேற்றத்துக்கு வைக்கப்படுக. விடியலில் எழுப்புவதற்குப் போன் வேண்டுமென்று பிள்ளை சொல்லும். ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுக்க. இவ்விதியைக் கோபம் எழுந்த இரவிலே பிறப்பிக்காது, எல்லாரும் ஆறியிருக்கும் ஒரு பகலிலே பிள்ளையையும் இருத்தி, அதன் சொல்லையுங் கேட்டு வகுத்தல் நன்று. தானும் கூடி வகுத்த விதியைப் பிள்ளை மீறினும், மீறினேனென்று அறியும். பிள்ளையின் செய்திகளைக் களவாக வாசித்தல் ஆகாது. பார்ப்பதாயிற் பார்ப்போமென்று சொல்லிப் பார்க்க.

மாலையிலே விளக்கேற்றி, எல்லாரும் ஒருங்கிருந்து ஒரு பதிகமேனும் ஓதும் வழக்கம் பல வீடுகளில் அருகிவிட்டது. அதனை மீட்டல் பெரிதும் நன்று. ஆயின் ஓர் எச்சரிக்கை. "போன் பார்த்தாயல்லவா, இருந்து பத்துத் தேவாரம் படி" என்று தேவாரத்தைத் தண்டனையாக்கும் பெற்றோரும் உளர். அப்பிள்ளை பின்னாளிலே திருமுறையைக் காணுந்தோறும் தண்டனையையே நினைக்கும். ஓதுதல் பத்து நிமிஷமாயினும் அமையும். அதன்பின் அவ்விடத்தினின்று எழாது கால்மணிநேரம் பேசியிருத்தல் வேண்டும். "இண்டைக்கு எத்தினை மார்க்ஸ்?" என்பது பேச்சன்று. அன்று பிள்ளை நகைத்ததும் வெட்கியதும் பயந்ததும் எவையென்று கேட்டு, தாயும் தந்தையும் தாம் வெட்கியதையும் பயந்ததையும் சொல்லுக. உணர்ச்சிக்குப் பெயரிடப் பிள்ளை கற்கும் பள்ளி அதுவே.

கோயில் நிருவாகத்தார்க்கும் ஒன்று சொல்லல் வேண்டும். அவர் இளைஞரைத் தேர்வடம் பிடிக்கவும் தண்ணீர்ப்பந்தலில் நிற்கவும் அழைப்பர், கொடியிறங்கியபின் மறப்பர். சரியைத் தொண்டு திருவிழாவுக்கு மாத்திரம் உரியதன்று. திருவலகிடுதலும், திருமாலை தொடுத்தலும், திருவிளக்கிடுதலும் நாடோறும் உரியன. கைக்கு வேலையும், வேலைக்கு ஓர் அளவும், முடிந்தபின் கண்ணாற் காணத்தக்க ஒரு நிறைவும் அவற்றில் உண்டு. பன்னிருவர் இளைஞருக்கு முறைவைத்து, ஒருவன் வாராத நாளிலே மற்றொருவனை அவன் வீட்டுக்கு அனுப்பி "ஏன் வரேல்லை?" என்று கேட்பித்தால், விளையாட்டுக் குழு கொடுத்த அதனையே கோயிலும் கொடுத்ததாகும். வாசிகசாலைகளும் இவ்வாறு செய்யலாம். யாம் கற்ற மிஷன் வித்தியாசாலையிலே ஆசிரியரொருவர் மாலைவேளைகளிற் சைக்கிளேறி மாணவர் வீடுகளுக்குச் சென்று, திண்ணையிலிருந்து தேநீர் அருந்திப் பேசி வருவர். அவர் சமயம் வேறு. பிள்ளையை அதன் வீட்டிற் கண்டறியும் அம்முறை எச்சமயத்தார்க்கும் உரியது. சைவவித்தியாசாலை ஆசிரியர் மாதம் இரண்டு வீடுகளாவது அங்ஙனஞ் செல்லின், போனைப் பற்றிய முறைப்பாடுகளின் உள்ளுறை பலவும் வெளிப்படும்.

தந்தையோ தாயோ வெளிநாட்டிலிருக்கும் வீடுகள் நம்மிடையே பல. அவ்வீடுகளிலே போன் பிள்ளைக்குத் தந்தையின் முகமுமாகும். அதனைப் பறித்தாற் றந்தையையும் பறித்ததாகின்றது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து பேசுந் தந்தை, "படிக்கிறியோ? அம்மா சொல்லுக் கேக்கிறியோ?" என்னும் இரண்டு கேள்வியோடு நிறுத்தாது, ஒரு குறித்த நாளிலே குறித்த நேரத்திலே அழைத்து, தன் வேலையிடத்தையும் தன் அறையையும் காட்டி, பிள்ளை வரைந்த படத்தையோ ஆடிய விளையாட்டையோ பொறுமையாய்ப் பார்ப்பாராயின், அதே கருவி நற்சார்பாகின்றது. பிள்ளை சாருவது அப்போது கண்ணாடியையன்று, அதனூடே தோன்றும் தந்தையை.

இவ்வளவுஞ் செய்தும் பிள்ளை உறக்கமும் உணவும் இழந்து, பாடசாலையை வெறுத்து, அறையைவிட்டு வெளிவராதிருக்குமாயின், அது வைத்தியரிடம் செல்லவேண்டிய நிலை. போனைத் திடீரெனப் பறித்தவிடத்து உயிரை மாய்ப்பேனென்று பிள்ளை சொல்லின், அதனை வெருட்டென்று இகழ்தலாகாது. அன்றிரவு அதனைத் தனியே விடுதலும் ஆகாது. அரசினர் வைத்தியசாலைகளிலுள்ள உளநல வைத்தியரைக் கட்டணமின்றிக் காணலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் பேசலாம். விசர் வைத்தியரிடம் போனதென்று ஊரார் சொல்வரென்று அஞ்சி, பிள்ளையை மந்திரித்து நூல் கட்டி மாதங்களைப் போக்குவோரை இன்னுங் காண்கின்றோம். நூல் கட்டுவோர் கட்டுக. வைத்தியரிடம் செல்லும் நாளை அதன்பொருட்டுப் பிற்போடாதொழிக.